இடதுபக்கத்துச் சாமி

கோவர்த்தனன் என் அண்ணன் மகன். எங்கள் நைனாவுக்கு நாங்கள் ஆண்பிள்ளைகள் மூன்று பேர். பெரியவர் காளஹஸ்திப் பக்கம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய், அங்கேயே பெண் கட்டி, அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். கோவர்த்தனனின் நைனா நடுவில் உள்ளவர். நான் கடைசி. நடு அண்ணனுக்கு நாகலாபுரத்தில் பெண் எடுத்தோம். அவள் ரத்தினம்மா, என் அண்ணி. கிணற்று மோட்டாரில் கரண்ட் அடித்து அண்ணன் செத்தபோது கோவர்த்தனனுக்குப் பதினைந்து வயது, அவன் தங்கை ஸ்வர்ணலதாவுக்கு ஆறு. அவன் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டுத் திருப்பதிக்குப் போனான். கார்களுக்குச் சீட்டு உறை தைக்கிற கடையில் ஊசி கோத்தான். தங்கையைப் படிக்க வைத்தான், நகை போட்டுக் கட்டிக்கொடுத்தான். அந்த வேலையெல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தபோது அவனுக்குப் பெண் கொடுக்கிற வயதை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். அதை அவன் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

புத்தூரில் சென்னை ரோட்டின் மேல் சொந்தக் கடை வைத்தான். சீட்டு உறை, கால்மிதி, ஹாரன், கண்ணாடிக்கு ஒட்டுகிற பேப்பர், சாமி. திருப்பதி ஷோரூமில் வண்டி எடுக்கிறவர்கள் மலையடிவாரத்தில் பூஜை போட்டுவிட்டு நேராக அவன் கடைக்கு வருவார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கின ஈரம் டயரில் காய்வதற்குள் வண்டி அவன் கடை முன்னால் நிற்கும்.

இப்போது எங்கள் பக்கத்துக் குடும்பக்காரர்கள் வாங்குவதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வண்டிதான். பின்னால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காது. பின்கண்ணாடியும் கதவும் ஒன்றாகச் சேர்ந்து மேலே தூக்கும். நீளம் நாலு மீட்டருக்கு ஒரு விரல் குறைவு. அதற்கு மேலே போனால் வரி ஏறும் என்று கம்பெனிக்காரன் அளந்து நறுக்கியிருக்கிறான். பின்சீட்டை முழுசாகவும் மடிக்கலாம், ஒரு பங்கை மட்டும் மடித்து ஒரு ஆளும் ரெண்டு நெல் மூட்டையுமாகவும் போகலாம். பின்னால் வருவதைக் காட்ட ஒரு கேமரா. பெல்ட் போடாவிட்டால் கூவுகிற மணி. இதையெல்லாம் எனக்கு அவன் ஒவ்வொன்றாக விரலால் தட்டிக் காட்டியிருக்கிறான். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல அவன் வண்டியைப் பார்ப்பான்.

வாங்குகிறவன் மைலேஜ் கேட்பான், அவன் பெண்டாட்டி கலர் கேட்பாள். வண்டிக்குள் ஏறி இறங்கப்போகிற கிழவியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கோவர்த்தனன் கேட்பான்.

"பெரியம்மாவுக்கு முட்டி வலி கீதா? அப்போ முன்னால உக்காரட்டும். சீட்டு நல்ல ஒசரம், குனியாம ஏறலாம். பின்னால தள்ளிடாதீங்க, பாவம்."

இப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ தாய்மார்களை அவன் முன்சீட்டில் உட்கார வைத்தான். அவர்கள் கண்ணுக்கு நேரே சாமியை வைத்தான்.

சாமி முன்பெல்லாம் நடுவில்தான் உட்கார்ந்திருந்தது. பழைய வண்டிகளில் டேஷ்போர்டு நடுவில் தட்டையாக இடம் இருந்தது. புது வண்டிகளில் அந்த இடத்தில் ஒரு டிவி நிற்கிறது. பாட்டு, ரோடு மேப்பு, போன், எல்லாம் அதில்தான் வருகின்றன. வலதுபக்கம் ஸ்டீயரிங்கும் மீட்டரும். சாமிக்கு மிஞ்சியது இடதுபக்கம் ஒன்றுதான். அகலமாக, மெத்தென்று, லேசாகச் சரிந்து, பார்ப்பதற்குப் பீடம் மாதிரியே இருக்கும். அதன் மேல் இங்கிலீஷில் கொஞ்சம் எழுத்து பொறித்திருக்கும். சாமியை வைத்தால் அந்த எழுத்து மறைந்துபோய் இடம் இன்னும் லட்சணமாகத் தெரியும்.

உள்ளே ஏர்பேக் என்கிற பலூன் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. எனக்கே சொல்லியிருக்கிறான்.

"வண்டி எங்கயாச்சும் இடிச்சா பலூன் வந்து தாங்கும் சித்தப்பா. தலகாணி மாதிரி."

தலையணை என்றுதான் நானும் நினைத்தேன். தலையணைக்கு மேலே வைத்த பொருள் என்னவாகும் என்று அவனும் நினைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்த நானும் நினைக்கவில்லை.

அவன் ஒட்டுகிற நாளில் கவிச்சி தொடமாட்டான். குளித்துவிட்டு வந்து, மஞ்சள் தண்ணீரால் இடத்தைத் துடைத்து, ரெண்டு டியூப் பசையைக் கலந்து, நல்ல நேரம் பார்த்து ஒட்டிக் கற்பூரம் காட்டுவான். கைராசிக்காரன் என்று பேர். காட்பாடியிலிருந்துகூட வந்து ஒட்டிக்கொண்டு போவார்கள். "வண்டி பழைய இரும்புக்குப் போனாலும் என் சாமி அசையாது" என்பான். அது உண்மை. அவன் பசை லேசில் விடாது.

ஸ்வர்ணலதாவின் புருஷன் சுரேஷ்பாபு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வீடு சத்தியவேட்டில். ஒரே பெண், யாமினி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரையில் அவர்களும் அந்த மாதிரி வண்டி ஒன்று எடுத்தார்கள், வெள்ளைக் கலர். கடை முன்னால் வண்டி வந்து நின்றபோது நானும் அண்ணியும் அங்கே இருந்தோம். மற்றவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் சாமி, மிஞ்சினால் மாவுக்கல் சாமி. தங்கைக்கு மட்டும் அவன் திருப்பதியில் சொல்லிவைத்துப் பித்தளையில் முருகன் வாங்கி வைத்திருந்தான். ஒரு சாண் உயரம், கையில் வேல், முக்கால் கிலோ கனம்.

சுரேஷ்பாபு கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தான். "இன்னா மச்சான் இது, இவ்ளோ கனம்? மைலேஜ் கொறையப்போது."

"உன் தொந்திய விட கம்மிதான் மாப்ளே. மொதல்ல அத எறக்கு."

ஸ்வர்ணலதா அதற்குள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா, எனக்கு நேரா வெய்யி. போற வழியெல்லாம் மூஞ்ச பாத்துக்கினே போணும்."

நேராகத்தான் வைத்தான்.

அடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகை. அண்ணியைத் திருத்தணிக்குக் கூட்டிப்போக அவர்கள் மூவரும் சத்தியவேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். பிச்சாட்டூர் தாண்டி ஒரு சூளையிலிருந்து செங்கல் டிராக்டர் ரோட்டுக்கு ஏறியது. அதே நேரம் வண்டி டிவியில் யாருக்கோ போன் வந்து பேர் எரிந்திருக்கிறது. சுரேஷ்பாபு அதை ஒரு நொடி பார்த்தான். அவனே பிறகு சொன்னது இது, மறைக்கவில்லை. பிரேக்கை மிதித்தான். நாற்பதில் வந்த வண்டி அதைவிடக் குறைந்து போய்த்தான் டிரெய்லரின் பின்மூலையில் முட்டியது. பின்சீட்டில் இருந்த யாமினிக்கு நெற்றியில் ஒரு வீக்கம். அவனுக்கு மூக்கில் ரத்தம். டிரெய்லரிலிருந்து விழுந்தது பத்துப் பன்னிரண்டு செங்கல், அவ்வளவுதான். முன்சீட்டில் ஸ்வர்ணலதா மட்டும் எழுந்திருக்கவில்லை. பெல்ட் போட்டிருந்தாள். சுரேஷ்பாபு கம்பெனிச் சட்டத்தில் பழகினவன், எல்லோரும் பெல்ட் போடாமல் வண்டியை எடுக்கமாட்டான்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் வைத்திருந்தார்கள். முகத்திலும் கழுத்திலும் அடி, என்னவோ பலமாகத் தாக்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். டிராக்டர் இரும்பு என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டாள். முப்பத்தாறு வயது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சுரேஷ்பாபு அண்ணியின் காலில் விழுந்தான். அண்ணி காலை உருவி அவனை உதைத்தாள்.

"செல்லு பாத்துக்கினு என் பொண்ண கொன்னுட்டியேடா பாவி. டிவி பாக்கறதுக்கு வூடு இல்லியா உனக்கு?"

அவன் எழுந்திருக்காமலேயே கிடந்தான். கோவர்த்தனன்தான் தூக்கி உட்கார வைத்தான். போலீசில் சுரேஷ்பாபு மேல் கேஸ் போட்டார்கள். கருமாதி முடிந்த அன்று அண்ணி யாமினியின் பையை வாங்கித் தன் அறைக்குள் வைத்துக்கொண்டாள். "கொலகாரன் கூட அனுப்ப மாட்டேன்" என்றாள். பெற்றவன் தலையாட்டிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினான். தான்தான் கொன்றவன் என்று அவனும் நம்பிவிட்டான்.

இதற்கு நடுவில் நடந்ததை நான் சொல்லியாக வேண்டும். எரித்து வந்த மூன்றாம் நாள், வண்டியில் இருந்த துணிப்பையை எடுத்துவர நானும் கோவர்த்தனனும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். பின்னால் வெட்டவெளியில் வண்டி நின்றது. "பேகு தீஸ்கோண்டி, வேறே ஏமீ முட்டுக்கோவத்து" என்று, பையைத் தவிர எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுக் கான்ஸ்டபிள் நிழலுக்குப் போனார்.

முன்பக்கம் பெரிதாகச் சேதமில்லை. ஒரு லைட் உடைந்து, இன்ஜின் மூடி மடங்கியிருந்தது. முன்கண்ணாடிகூட விரிசலோடு நின்றிருந்தது. உள்ளே எந்த இரும்பும் வந்த அடையாளமே இல்லை. கோவர்த்தனன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றான். இடதுபக்கத்து டேஷ்போர்டு பிளந்து, வெள்ளைப் பலூன் செத்த பாம்பின் சட்டைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. பீடம் இருந்த மூடி கிழிந்து நிமிர்ந்திருந்தது. அதில் அவன் பசையும், பசையோடு பிய்ந்த பித்தளை அடித்தட்டும் ஒட்டியிருந்தன. மேலே சாமி இல்லை.

சீட்டுக்குக் கீழே கையை விட்டு எடுத்தான். வேல் வளைந்திருந்தது. அதில் நீளமாக நாலைந்து தலைமயிர் சுற்றியிருந்தது.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டான். கான்ஸ்டபிளிடம் பையைக் காட்டிவிட்டு வெளியே வந்தோம். ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்தான்.

"சித்தப்பா, அந்த வண்டில எல்லாரும் எறங்கி நடந்திருக்கணும். பலூன் அவள தாங்கியிருக்கும். நான்தான்..."

"ஸ்டேஷன் வாசல்ல இன்னாடா பேச்சு? எந்திரி."

"மாப்ள மேல கேசு போட்டுக்கீறாங்களே."

"அவன்தானே ஓட்டினான்? போனவ போய்ட்டா. இத வெளிய சொன்னா உங்கம்மா உன் மூஞ்சில முழிக்க மாட்டா. கடையும் போய்டும். வாயத் தொறக்காத."

சொல்லாதே என்று சொன்னது நான்தான். பெரியவன் என்று கேட்டுக்கொண்டான். அடிபட்ட சாமியை வீட்டில் வைக்கக்கூடாது, ஓடுகிற தண்ணீரிலோ நிறைந்த தண்ணீரிலோ விடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்றைக்கே பிச்சாட்டூர் அணைக்குப் போய் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கை எட்டுகிற தூரத்துக்கு அதை வீசினான்.

அப்புறம் அவன் சரியாகத் தூங்கிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. ஆயுதபூஜை வந்தது. அவன் கடைக்கு அதுதான் திருவிழா. போன வருஷம் வரை ரோட்டோரம் இருபது முப்பது வண்டி வரிசை நிற்கும். இந்த முறை புதுச் சாமி ஒன்றுகூட இடதுபக்கம் ஒட்டவில்லை. பழைய ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "வெயிலுக்குப் பசை இளகுது, எடுத்துட்டு வேற மாதிரி வெச்சித் தரேன், ஒண்ணும் குடுக்க வேணாம்" என்று பொய் சொல்லிப் பார்த்தான். சிலர் சரி என்றார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்கவில்லை. பூஜை நாளில் சாமியைப் பெயர்க்கச் சொல்கிறான், தங்கை செத்ததில் மூளை கலங்கிவிட்டது என்றார்கள். நகரிக்காரர் ஒருவர், "மீ செல்லி போத்தே மா தேவுடு ஏம் சேஸாடன்னா?" என்று கேட்டார். உன் தங்கை போனால் எங்கள் சாமி என்ன செய்தது என்று. அந்தச் சாமி என்ன செய்தது என்றுதானே அவனால் சொல்ல முடியவில்லை.

மொத்தம் எத்தனை வண்டியில் ஒட்டியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. பத்து வருஷத்து வேலை.

அதில் ஒன்று என் வீட்டு வண்டி. என் மகன் சிரஞ்சீவிக்குச் சித்தூரில் மாங்காய்க் கூழ் ஃபேக்டரியில் வேலை. அவனும் ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அதே மாதிரி வண்டி எடுத்து, கோவர்த்தனன் கையால் மாவுக்கல் பிள்ளையார் ஒட்டிக்கொண்டான். மருமகள் ரேகாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் தங்காமல், வண்டி வந்த பிறகுதான் தங்கிப் பிள்ளை பிறந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்சீட்டில்தான் வருவாள். ஊரார் வண்டி என்றால் வாயை மூடு என்று சொல்ல முடிந்தது. அந்தப் பிள்ளையின் தலை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகு அது முடியவில்லை. நானே கோவர்த்தனனிடம் போய், "பொங்கலுக்கு வருவான், எப்படியாச்சும் பேசி எடுத்துடு" என்றேன். விஷயத்தைச் சொல்லாமல் எடு என்றேன்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் அவன் நுனி மழுங்கின கத்தியும் மெல்லிய ஒயரும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். நான் களத்தில் மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தேன்.

"சிரஞ்சீவி, சாவி குடு. புள்ளையார நடுவுல மாத்தி வெக்கறேன்."

"நடுவுல எங்கண்ணா? டிவி தலமேலயா? அப்பறம் மேப்பு பாக்கறதா, தோப்புக்கரணம் போடறதா?"

ரேகா சிரித்துவிட்டாள். கோவர்த்தனன் சிரிக்கவில்லை.

"அப்போ சின்ன படமா மேல மாட்டறேன். இத எடுத்துடலாம்."

"வேணாம் மாமா" என்றாள் ரேகா. "இந்த சாமி வந்து உக்காந்தப்பறம்தான் எனக்கு இவன் தங்கினான். முடி எறக்கற வரிக்கும் அசைக்க மாட்டேன்னு வேண்டிக்கினுகீறேன்."

"அப்போ நீ பின்னால உக்காந்துக்கோம்மா."

"பின்னால உக்காந்தா எனக்கு வாந்தி வரும்."

"வந்தா வரட்டும்."

சிரஞ்சீவிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாண்ணா நீ? ஊர்ல எல்லாரும் சொன்னப்போ நான்தான் உனக்காக சண்ட போட்டேன். உன் தங்கச்சி செத்தா கண்ட வண்டியில சாமி புடுங்கிக்கினு போவியா? சுரேசுக்கு ஓட்டத் தெரியல, இடிச்சான். எனக்கு ஓட்டத் தெரியும். போ, போய் பொங்கல் துன்னு."

கோவர்த்தனன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் சொல்லியிருக்கலாம். அவன் என் மகன், வண்டி என் வீட்டு வண்டி. நான் மாட்டுக் கொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சுரேசு இடிச்சதுல அவ சாவல" என்றான் கோவர்த்தனன். குரல் பெரிதாக இல்லை. "நான் ஒட்டின முருகன் அடிச்சி செத்தா. அந்த எடத்துக்கு உள்ளதான் பலூன் கீது. தலகாணி மாதிரி மெல்ல வராது அது, வெடி மாதிரி வரும். மேல இன்னா கீதோ அத தூக்கி மூஞ்சில அடிக்கும். வேலுல அவ தலமுடி இருந்துச்சி. நானே எடுத்தேன். உன் புள்ள தல நேரா அந்தப் புள்ளையாருக்கு எதிர்ல கீதுடா."

ரேகா பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் வாசலில் அண்ணி நிற்பதைப் பார்த்தோம். எங்களுக்குப் பொங்கல் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் பின்னால் யாமினி வாழைப்பழச் சீப்போடு நின்றிருந்தது.

அண்ணி தட்டைக் கீழே வைத்தாள். போடவில்லை, குனிந்து வைத்தாள்.

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"மூணாம் நாள்லேருந்தும்மா."

"வேற யாருக்குத் தெரியும்?"

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "எனக்கு மட்டும்தான்."

அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதுகிற நாள் வரைக்கும் அண்ணிக்குத் தெரியாது. இனிமேல் தெரியட்டும்.

"அந்தப் பையன் என் கால்ல விழுந்தான்" என்றாள் அண்ணி. "உதச்சேன். நீ பக்கத்துல நின்னுக்கினு பாத்த." அழவில்லை. யாமினியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போனில் சுரேஷ்பாபுவைக் கூப்பிட்டு, "உன் பொண்ண வந்து கூட்டிக்கினு போப்பா" என்று சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.

சிரஞ்சீவி சாவியை எறிந்தான். கோவர்த்தனன் எடுத்துக்கொண்டு போய் வண்டிக்குள் உட்கார்ந்து பிள்ளையாரைப் பெயர்த்தான். ஒரு மணி நேரம் பிடித்தது. ஒயரை அடியில் விட்டு அறுத்து அறுத்து, விரலெல்லாம் கிழிந்துவிட்டது. பிள்ளையாரை ரேகாவிடம் நீட்டினான். அவள் கை நீட்டவில்லை. கீழே வைத்துவிட்டுப் போனான்.

சுரேஷ்பாபு மறுநாள் பஸ்ஸில் வந்தான். வண்டி ஓட்டுவதை விட்டு ஆறு மாதமாகிறது. ஆள் பாதியாகியிருந்தான். தொந்தி போய்விட்டிருந்தது. அண்ணி நடந்ததையெல்லாம் சொல்லி அவனுக்குச் சோறு போட்டாள், அவன் சாப்பிடவில்லை. கோவர்த்தனன் எதிரில் போய் நின்றான்.

"மாப்ளே, ஸ்டேஷனுக்கு வா. நான் எழுதிக் குடுக்கறேன்."

சுரேஷ்பாபு தட்டைத் தள்ளி வைத்தான். "தெனம் பாத்ரூம்ல நின்னுக்கினு தரைய அமுக்கி அமுக்கிப் பாக்கறேன் மச்சான். அன்னிக்கு பிரேக்குல கால் முழுசா போச்சா இல்லியான்னு. ஆறு மாசமா. ஒரு போன் பண்ணியிருந்தா போதும் நீ."

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். ரைட்டர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆ விக்ரஹம் ஏதி?" என்றார். சிலை எங்கே என்று.

"அணையில விட்டுட்டேன் சார்."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். வண்டியையும் போன மாதமே இன்சூரன்சுக்காரன் எடுத்துப்போய் உடைத்துவிட்டான், பொருளும் இல்லை, வண்டியும் இல்லை, இதை எதை வைத்து எழுதுவது, கோர்ட்டில் சொல்லிப் பாருங்கள் என்றார். சுரேஷ்பாபு வெளியே வந்து படியில் உட்கார்ந்தான்.

"எனக்கு இருந்த ஒரே சாட்சிய தண்ணில போட்டுட்டியே" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

பஸ் ஸ்டாண்டில் யாமினி ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தது. கோவர்த்தனன் கீழே நின்றான்.

"மாமா, நீ வர்லியா?"

அவன் சுரேஷ்பாபுவைப் பார்த்தான். சுரேஷ்பாபு பெண்ணை ஜன்னலிலிருந்து நகர்த்தி உள்பக்கம் உட்கார வைத்துக்கொண்டான். "வூட்டுக்கு வராத மச்சான்" என்றான். "கோர்ட்டுக்கு மட்டும் வா."

பஸ் போனதும் நாங்கள் ரெண்டு பேரும் கடைக்கு நடந்தோம். கடை முன்னால் புது வண்டி ஒன்று மாலையோடு நின்றது, செங்கல் கலர். புருஷன், பெண்டாட்டி, பின்னால் ரெண்டு பிள்ளைகள். அந்த ஆள் ஒரு டப்பாவைத் திறந்து பித்தளை வெங்கடேஸ்வரரைக் காட்டினான். "உங்க கையாலதான் வெக்கணும்னு ரெண்டு மணி நேரமா காத்துக்கினுகீறோம்" என்றான்.

"அந்த எடத்துல வெக்கக் கூடாது" என்றான் கோவர்த்தனன். "பலூன் கீது. இடிச்சா சாமி பறந்து வந்து அடிக்கும். என் தங்கச்சி அப்படித்தான் செத்தா."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. வண்டி எடுத்த முதல் நாள் சாவைப் பற்றிப் பேசுகிறானே என்று அந்த ஆள் முணுமுணுத்தான். வண்டியை எடுத்து ரோட்டைத் தாண்டி எதிர்க்கடை முன்னால் நிறுத்தினான். எதிர்க்கடைக்காரன் பத்து நிமிஷத்தில் ஒட்டிக் கற்பூரம் காட்டினான். இடதுபக்கம்தான், வேறு இடம் இல்லையே.

கோவர்த்தனன் ரோட்டைக் கடந்து போனான். முன்சீட்டு ஜன்னல் அருகே குனிந்தான்.

"நீங்களாச்சும் பின்னால உக்காந்து போங்கம்மா. பின்சீட்டும் நல்லாத்தான் கீது. கால் நீட்ட எடம் கீது."

அவள் பட்டனை அழுத்தினாள். கண்ணாடி மெதுவாக மேலே ஏறியது.